தாயம்மா

விதிப்புத்தகத்தில் அவளுக்குக் கோயில் இல்லை.
அதிர்ஷ்டத்துக்கும் வழிப்பயணத்துக்கும் ஒரே தெய்வம்.
நின்றபடி கும்பிட்டால் காதில் விழாது,
நடந்துகொண்டே கூப்பிட வேண்டும்.
ஆங்கிலத்தில் என்னவோ பெயர், யார் வாயிலும் தங்கவில்லை.
உருட்டுகிறவள்தானே என்று
தாயம்மா ஆக்கிவிட்டோம்.

நாலு மணி நேரம் கரண்ட் வந்து
எட்டு மணி நேரம் போகிற தாம்வேயில்
மூன்றாம் மாடி அறையொன்றில்
நான் அவளுடைய பூசாரி.
பகலில் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுகிறவள்.
அரிசிச் சாக்கைக் கிழித்து விரித்ததுதான் எங்கள் உலகம்.
மலை, பாலம், பூதக் காவல்.
பாங்காக்கிலிருந்து வந்த பச்சைக் காய் ஒன்று,
இருபது முகம், ஒரு மூலை உடைந்தது.

ஒன்று விழுந்தால் அழிவு என்றது புத்தகம்.
கயிறு அறும், குதிரை இடறும்.
நான் ஒத்துக்கொள்ளவில்லை.
எங்கள் கணக்கில் ஒன்று விழாமல் காய் இறங்காது,
பன்னிரண்டு மேல் பன்னிரண்டு போட்டாலும்
கட்டத்துக்கு வெளியே குந்தியிருக்க வேண்டியதுதான்.
மூன்று வாரம் சண்டை.
கடைசியில் தீன் மாவுங் தீர்ப்பு எழுதினான்:
தாயம்மா பக்தருக்கு ஒன்று வாசல்,
மற்றவர்க்குப் பள்ளம்.

வேலாயுதம் பக்தனாகவில்லை.
சாமி வேண்டாம் என்றால் வாளுக்கு
இரண்டு புள்ளி கூடுதலாம்.
அடையாள அட்டையில் ஆங் மின்,
சாக்கின் மேல் நரிக்காதன் என்ற திருடன்,
அவன் காய் ஒரு புளியங்கொட்டை.

வார்டு ஆபீசில் பெயர் குலுக்கினார்கள்.
நீல பிளாஸ்டிக் வாளி, மடித்த சீட்டு.
அந்த வாளிக்கு எத்தனை முகம் என்று
யாரும் கேட்கவில்லை.
மூன்றாவதாக வந்தது ஆங் மின்.

போகும் முன்னிரவு
அவன் போனிலிருந்த படங்களை அழிக்க உட்கார்ந்தோம்.
சாக்கின் படத்தில் என் கை நின்றது.
‘பூதக் காவல், மூன்று பேர், பின்வழி உண்டு’
என் கையெழுத்து, பர்மிய மொழியில், தெளிவாக.
இதை எந்தச் சிப்பாய்க்கு
விளையாட்டு என்று விளக்குவது?
அழித்தேன்.
அவன் சிரித்தான். அப்புறம் நிறுத்தினான்.

விடியலில் அவுங் மிங்கலா பஸ் நிலையம்.
பெகு, தட்டோன், பா-ஆன்,
அதற்கப்புறம் பெயர் சொல்லாத வழி.
எங்கள் பூதங்கள் விடுகதை கேட்கும்,
தெரியாவிட்டால் ஒரு விரலோடு விடும்.

நரிக்காதன் பாலத்தின் நடுவில் நின்றான்.
யாரும் அவனைத் தொடவில்லை.
இரவுதோறும் நான் காயைக் கைக்குள் வைத்துக் குலுக்கி
தண்ணீர்ப் பீப்பாயிலிருந்து கதவு வரை
ஏழடி, திரும்ப ஏழடி நடந்தேன்.
அவள் நடப்பவருக்குத்தானே காது கொடுப்பாள்.
கீழ்வீட்டுக்காரி விளக்குமாற்றால் கூரையை இடித்தாள்.
பதினேழு விழுந்தது. ஒன்பது. இன்னொரு நாள் இருபது.
ரோசலின் கைதட்டினாள்.
எனக்கு வயிறு கலங்கியது.
எத்தனை பெரிய எண், எத்தனை வெளியே.

பன்னிரண்டாம் நாள் ஒரு செய்தி.
அறுபத்தாறில் தொடங்கும் எண், அறியாத எண்.
வணக்கம் இல்லை, பெயர் இல்லை.
1
அவ்வளவுதான்.

கை தவறிப் பட்டிருக்கும் என்றான் தீன் மாவுங்.
ஒரு லட்சம் கேட்கிறானோ என்றாள் ரோசலின்.
வேறு யாரிடமாவது போன் சிக்கியிருந்தால், என்று
நான் ஆரம்பித்தேன்.
அப்போது பார்த்துக் கரண்ட் வந்தது.
பம்பைப் போட, சோற்றுக்குக்கரைச் சொருக
ஆளுக்கொரு பக்கம் ஓடினோம்.

திரும்பி வந்து பார்த்தால்
புளியங்கொட்டை பாலத்துக்கு அக்கரையில்.
யார் நகர்த்தியது என்று நான் கேட்கவில்லை,
என்னையும் யாரும் கேட்கவில்லை.
அவன் பக்தன் இல்லை.
எழுதி வைத்த விதிப்படி அந்த ஒன்று
செல்லாது.

செல்லட்டும்.